பேர் வெட்டினாலும் ஆள் போவதில்லை: அழித்த கோப்புகளை மீட்ட வரலாறு



கணினியில் ஒரு கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டு, 'ஐயோ, போச்சே!' என்று தலையில் கை வைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கும் நடந்தது. அதைச் சொல்லிவிட்டுக் கட்டுரைக்குள் போகிறேன்.

பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களை என் மாணவர்கள் நால்வர் பேட்டி எடுத்தார்கள். வரலாற்றுப் பாட இடுபணிக்காகத் தொடங்கிய வேலை அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதை, லயங்கள் காலியான கதை, பிள்ளைகள் தாமானுக்குக் குடிபோன கதை என்று பெரியவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். ஒலிப்பதிவுகள், பழைய தோட்டப் பள்ளியின் படங்கள், ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவர் வீட்டில் பத்திரமாக இருந்த செக்ரோல் பக்கத்தின் படம் என்று மொத்தம் 43 கோப்புகள். எல்லாமே ஒரே ஒரு பெண்டிரைவில் இருந்தன.

தேர்வுத் தாளைப் பள்ளிக்குக் கொண்டுபோக இடம் தேவைப்பட்டது. 'மடிக்கணினியில் நகல் இருக்கிறதே' என்ற நினைப்பில் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு, தேர்வுத் தாள்களை அதில் ஏற்றினேன். மூன்று நாள் கழித்து ஒரு மாணவி வந்தாள். "டீச்சர், அந்தப் பாட்டி பேசினதை ஒரு தடவை போடுறீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பாட்டி இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். நகல் இல்லை.

அன்றிரவு தொடங்கிய தேடலில் நான் கற்றதை இங்கே வரலாறாகத் தருகிறேன். கணினிப் பாடம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். இது ஏறக்குறைய நாம் படித்த சுவடிப் பதிப்பு வரலாறு மாதிரிதான்.

1. செக்ரோலும் லயமும்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். காலைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு வருகையைக் குறிக்கும் பேரேடு அது. 'அவருக்குப் பேர் வெட்டிட்டாங்க' என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். ஆனால் பேரேட்டில் பேரை வெட்டிய அந்த நிமிடமே அந்தக் குடும்பம் லயத்திலிருந்து மறைந்துவிடுவதில்லை. சட்டி பானையோடு அங்கேதான் இருக்கும். அந்த வீட்டை வேறு குடும்பத்துக்கு ஒதுக்கி, அவர்கள் சாமானோடு வந்து இறங்கும்போதுதான் பழைய குடும்பம் உண்மையில் வெளியேறுகிறது.

கணினியும் இப்படித்தான் வேலை செய்கிறது. வட்டில் ஒரு பக்கம் பேரேடு. கோப்பின் பெயர், அளவு, அது எந்த அறையில் தொடங்குகிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். இன்னொரு பக்கம் வரிசை வரிசையாக அறைகள். கோப்பின் உள்ளடக்கம் அந்த அறைகளில் குடியிருக்கிறது. நீங்கள் 'டிலீட்' என்றதும் கணினி பேரேட்டில் பேரை வெட்டுகிறது. 'இந்த அறைகள் காலி, யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று குறித்துக்கொள்கிறது. அறைக்குள் போய் எதையும் துடைப்பதில்லை. துடைக்க நேரம் பிடிக்கும் என்பதால் அந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கப் பல நிமிடம் ஆகிறது. அதையே அழிக்க ஒரு நொடிதான். காரணம் இதுதான்.

ஆகவே அழித்தல் வேறு, மேலெழுதுதல் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்பு மீட்பின் முழு வரலாறும் இந்த இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் கால இடைவெளியின் வரலாறுதான்.

2. முதல் எழுத்து போன காலம்

இந்தப் பேரேட்டு முறைக்கு 'ஃபாட்' என்று பெயர். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் மார்க் மெக்டொனால்டு என்பவர் 1977ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். 1981 ஆகஸ்டு 12இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டாஸ் இயங்குதளம் இந்த முறையைத்தான் பயன்படுத்தியது. அப்போதைய நெகிழ்வட்டு ஒன்றில் 160 கிலோபைட் கொள்ளும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதில் அடங்காது.

டாஸில் கோப்பின் பெயர் எட்டு ஆங்கில எழுத்துக்குள் இருக்க வேண்டும். 'கட்டுரை' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். சரியாக எட்டு எழுத்து வரும். அந்தக் கோப்பை அழித்தால் டாஸ் என்ன செய்யும்? பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 229 என்ற எண்ணை வைக்கும். மீதி ஏழு எழுத்தும், கோப்பின் அளவும், தொடங்கும் அறை எண்ணும் அப்படியே இருக்கும். 229 என்று தொடங்கும் வரியைக் கண்டால் 'இது வெட்டப்பட்ட பேர்' என்று கணினி கடந்து போய்விடும்.

இதில் மொழி ஆசிரியர்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தி உண்டு. ஜப்பானிய எழுத்து முறையில் 229 என்பது ஓர் உண்மையான எழுத்தின் முதற்பகுதியாக வரக்கூடிய எண். அப்படியானால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருள்ள கோப்பெல்லாம் அழிந்த கோப்பாகத் தெரியுமே! அதற்காகவே அத்தகைய பெயர்களில் 229க்குப் பதில் 5 என்ற எண்ணை வைக்கும் விதி பின்னர் சேர்க்கப்பட்டது. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு இன்னொரு மொழியிடம் வந்ததும் தடுமாறிய கதை இது. தமிழிலும் இது மாதிரி ஒன்று உண்டு. 5ஆம் பகுதியில் வருகிறேன்.

முதல் எழுத்து மட்டும் போயிருக்கிறது என்றால், அதைத் திருப்பி வைத்தால் போதுமே? அதைத்தான் செய்தார் அமெரிக்க நிரலாளர் பீட்டர் நார்ட்டன். தாம் தவறுதலாக அழித்த ஒரு கோப்பை மீட்க அவர் எழுதிய நிரலே தொடக்கம். 1982இல் 'நார்ட்டன் யூட்டிலிட்டீஸ்' விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த 'அன்இரேஸ்' என்ற பகுதியால்தான் அது புகழ்பெற்றது. 1991இல் வந்த டாஸ் 5.0 பதிப்பில் மைக்ரோசாஃப்டே 'அன்டிலீட்' என்ற கட்டளையைச் சேர்த்தது. அந்தக் கட்டளை உங்களிடம், 'இந்தக் கோப்பின் முதல் எழுத்து என்ன?' என்று கேட்கும். நீங்கள் சொன்னதும் கோப்பு திரும்பி வரும். நம் பிள்ளைகளிடம் 'முதல் எழுத்தைச் சேர்த்தால் என்ன சொல் வரும்?' என்று கேட்போமே, அந்த விளையாட்டுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கோப்பு எந்த எந்த அறைகளில் தொடர்கிறது என்ற சங்கிலி அழிக்கும்போதே துடைக்கப்படும். தொடங்கும் அறை மட்டும் தெரியும். அடுத்த அறை தெரியாது. அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்த கோப்பு முழுதாக வரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த கோப்பு சரியாக வராது. 1993இல் வந்த டாஸ் 6.0 இதற்கு ஒரு வழி செய்தது. விரும்பினால், அழிக்கும் கோப்புகளைச் சிறிது காலம் ஒளித்து வைத்துக் காக்கும் ஏற்பாட்டை இயக்கிக்கொள்ளலாம்.

3. குப்பைத்தொட்டி வந்தது

'அழிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க நேரம் கொடு' என்ற எண்ணம் இன்னொரு வழியிலும் வளர்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினி 1983இலும் மெக்கின்டாஷ் 1984இலும் வந்தன. அவற்றின் திரையில் ஒரு குப்பைக்கூடைப் படம் இருந்தது. வேண்டாத கோப்பை அதில் போடலாம். மனம் மாறினால் திரும்ப எடுக்கலாம். 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95 வழியாக 'ரீசைக்கிள் பின்' எனப்படும் மறுசுழற்சித் தொட்டி நம் வீடுகளுக்கு வந்தது. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கணினி வாங்க ஒரு காலத்தில் நம் நாட்டில் அனுமதி இருந்ததே, அப்படி வாங்கிய வீடுகளிலும் திரையின் மூலையில் அந்தத் தொட்டி இருந்திருக்கும்.

தொட்டியில் இருக்கும் கோப்பு அழிக்கப்பட்டதே அல்ல. இடம் மாற்றப்பட்டது, அவ்வளவுதான். செக்ரோலில் பேர் வெட்டவில்லை, வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வலச்சொடுக்கு செய்து 'ரிஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும்.

தொட்டி வந்ததும் நமக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் பலரும் விழுகிறோம். பெண்டிரைவில் அழிப்பது பொதுவாக விண்டோஸின் தொட்டிக்குப் போவதில்லை. 'ஷிஃப்ட்' விசையோடு சேர்த்து அழித்தாலும் போகாது. தொட்டியின் அளவை மீறும் பெரிய கோப்பும் போகாது. நான் விழுந்தது முதல் குழியில்.

4. முகப்பில்லாத சுவடி

பேரேடே கெட்டுப்போனால்? பெண்டிரைவை அவசரமாக ஃபார்மட் செய்துவிட்டால்? பெயர் இல்லை, அளவு இல்லை, தொடங்கும் இடமும் தெரியாது. அறைகள் மட்டும் இருக்கின்றன. இந்த நிலையில் கைகொடுப்பது, அறை அறையாகப் போய் உள்ளே இருப்பதைப் பார்த்தே 'இது இன்ன வகைக் கோப்பு' என்று அடையாளம் காணும் முறை.

நம் மாணவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முகப்பு ஏடு சிதைந்த சுவடி ஒன்று கிடைத்தால் பதிப்பாசிரியர் என்ன செய்வார்? காப்புச் செய்யுளைப் பார்ப்பார், யாப்பைப் பார்ப்பார், உள்ளே வரும் பெயர்களைப் பார்ப்பார். அப்படித்தான் நூலை அடையாளம் காண்பார். கோப்புகளுக்கும் 'காப்புச் செய்யுள்' உண்டு. ஜேபெக் படம் எதுவானாலும் 255, 216, 255 என்ற எண்களோடு தொடங்கும். பிடிஎஃப் கோப்பு ஒரு விழுக்காட்டுக் குறியையும் தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளையும் முன்னே வைத்துத் தொடங்கும். இன்றைய வேர்டு ஆவணம் 'பி', 'கே' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். அது ஒரு பொட்டலக் கோப்பு. அந்தப் பொட்டல முறையை 1989இல் உருவாக்கிய பில் காட்ஸ் என்பவரின் தலைப்பெழுத்துகளே அவை. நீங்கள் இன்று தட்டச்சு செய்த பாடத்திட்டத்தின் தொடக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது!

அமெரிக்க விமானப்படையின் புலனாய்வுப் பிரிவில் இம்முறையில் 'ஃபோர்மோஸ்ட்' என்ற நிரல் உருவானது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிரெனியே 2002இல் 'ஃபோட்டோரெக்' என்ற நிரலை வெளியிட்டு இலவசமாகவே வழங்கினார். இன்றும் அது கிடைக்கிறது. இம்முறையில் உள்ளடக்கம் வரும், பெயர் வராது. நூற்றுக்கணக்கான கோப்புகள் வெறும் எண்களோடு வந்து நிற்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

5. தமிழுக்கு உள்ள இரண்டாம் பூட்டு

இப்போது தமிழுக்கு வருவோம். பழைய கணினியிலிருந்தோ நெகிழ்வட்டிலிருந்தோ ஒரு தமிழ்க் கோப்பை மீட்டுத் திறக்கிறீர்கள். திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து குப்பையாகத் தெரிகிறது. 'கோப்பு கெட்டுப்போச்சு' என்று அழித்துவிடுவோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது கெடாமலே இருக்கலாம்.

யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருந்தன. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு வரிசை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், திஸ்கி, 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்று பல முறைகள் புழக்கத்தில் இருந்தன. எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். யூனிகோடு 1991இல் தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000தான் யூனிகோடு தமிழை 'லதா' எழுத்துருவோடு காட்டிய முதல் விண்டோஸ். இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட நூற்றாண்டு மலர்கள், பள்ளி இதழ்கள், சங்க அறிக்கைகள் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில்தான் இருக்கும்.

இத்தகைய கோப்பு கிடைத்தால் முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். வேர்டு ஆவணமானால் எழுத்துருப் பெட்டியில் அந்தப் பெயர் பெரும்பாலும் தெரியும். அதன் பிறகு முரசு அஞ்சலின் மாற்றியோ என்.எச்.எம். கன்வர்ட்டரோ கொண்டு யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் முதலில் திஸ்கியில் நூல்களைத் தந்து, பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. மாற்றாமல் விட்டிருந்தால் அவ்வளவு உழைப்பும் பூட்டிய வீட்டில் கிடந்திருக்கும்.

யூனிகோடு வந்ததில் மீட்புக்கும் ஒரு நன்மை உண்டு. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'அ' என்றால் 224, 174, 133. 'க' என்றால் 224, 174, 149. மெய்யெழுத்தின் புள்ளிக்கு 224, 175, 141. ஆகவே எளிய உரைக்கோப்பு ஒன்றின் துண்டு மட்டும் எங்கோ ஓர் அறையில் கிடந்தாலும், இந்த எண்வரிசையைக் கொண்டு 'இங்கே தமிழ் இருக்கிறது' என்று கண்டுபிடிக்கலாம். பொட்டலமாகச் சுருக்கப்பட்ட வேர்டு ஆவணத்துக்கு மட்டும் இந்த வழி உதவாது.

6. சன்னல் சாத்தப்படுகிறது

இதுவரை படித்தால், காலம் போகப் போக மீட்பு எளிதாகிக்கொண்டே வருவது போலத் தோன்றும். உண்மை அதற்கு எதிர்த்திசையில் போகிறது. இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

பழைய கணினிகளில் சுழலும் காந்த வன்தட்டு இருந்தது. அதில் அழித்த கோப்பு, மேலெழுதப்படும் வரை வாரக்கணக்கில்கூடக் கிடக்கும். இன்று நாம் வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை வட்டு இருக்கிறது. அதில் பழைய எழுத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது. முதலில் அந்தப் பகுதியைத் துடைத்தாக வேண்டும். அதனால் நீங்கள் ஒரு கோப்பை அழித்ததும் இயங்குதளம் வட்டுக்கு, 'இந்த அறைகள் இனி வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறது. இந்தக் கட்டளைக்கு 'டிரிம்' என்று பெயர். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது வழக்கத்துக்கு வந்தது. கட்டளை கிடைத்ததும் வட்டு தன் ஓய்வு நேரத்தில் அந்த அறைகளைத் தானே துடைத்துவிடும். பேர் வெட்டிய கையோடு லயத்தையும் இடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு எந்த நிரலைப் போட்டுத் தேடினாலும் பெரும்பாலும் வெறும் சுழியம்தான் கிடைக்கும்.

டாஸ் காலத்தில் தவறுவது எளிது, மீட்பதும் எளிது. இன்று தவறுவது கடினம். தொட்டி இருக்கிறது, 'நிச்சயமாகவா?' என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் அதையும் தாண்டிப் போனது போனதுதான். நாற்பது ஆண்டுகளில் அந்தக் கால இடைவெளி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு நம் சட்டைப் பையில் இருக்கிறது. பெண்டிரைவும் கைப்பேசி நினைவட்டையும் இன்றும் பெரும்பாலும் ஃபாட் குடும்பத்துப் பேரேட்டைத்தான் வைத்திருக்கின்றன. பொதுவாக அங்கே டிரிம் கட்டளையும் போவதில்லை. 1981ஆம் ஆண்டுச் செக்ரோல் அங்கே இன்னும் நடக்கிறது. என் 43 கோப்புகளுக்கு நம்பிக்கை இருந்தது அதனால்தான்.

இதன் மறுபக்கத்தையும் ஆசிரியர்கள் மறக்கக்கூடாது. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய வன்தட்டுகள் 158ஐ விலைக்கு வாங்கிச் சோதித்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயங்கிய 129 தட்டுகளில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும்கூடக் கிடைத்தன. மாணவர்களின் அடையாள அட்டை எண்ணும் மதிப்பெண்ணும் இருந்த கணினியை விற்கும்போது 'எல்லாம் டிலீட் பண்ணிட்டேன்' என்பது போதாது. முழு ஃபார்மட் செய்தாக வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் தட்டு முழுவதும் சுழியத்தை எழுதுகிறது. விரைவு ஃபார்மட் அப்படிச் செய்வதில்லை.

7. வேறிடத்தில் இருந்த படி

1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் உருவாகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண் முன்னே மறையத் தொடங்கின. காப்பு நகல் இருக்கிறதே என்று போனால், அது சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை. படத்தைக் காப்பாற்றியது ஒரு வீட்டுக் கணினி. தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்தவர். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய நிறுவனத்தையே மீட்டது மென்பொருள் இல்லை, வேறிடத்தில் இருந்த ஒரு படி.

நமக்கு இது தெரியாத பாடமில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. தீ வைத்த பிறகு மீட்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறெங்காவது இன்னொரு படி இருந்தவை மட்டும் உலகத்தில் மிஞ்சின. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்பதை அந்தச் சமூகம் பெரிய விலை கொடுத்து அறிந்திருந்தது.

உ.வே.சாமிநாதையரும் இதையே வேறு வகையில் காட்டினார். அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராகப் போய் ஒரே நூலின் பல படிகளைத் தேடினார். ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் கிடைத்தது. அப்படித் தேடியும் புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இன்றுவரை முழுதாக இல்லை. அந்த இடங்களைப் பதிப்பாசிரியர்கள் சொந்தமாகப் பாட்டெழுதி நிரப்பவில்லை. 'கிடைக்கவில்லை' என்று குறித்து விட்டுவைத்தார்கள். மீட்பில் நேர்மை என்பது அதுதான்.

8. நாம் செய்ய வேண்டியவை

தெரியாமல் அழித்துவிட்டால், இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கையை எடுங்கள். அந்தப் பெண்டிரைவிலோ வட்டிலோ எதையும் சேமிக்காதீர்கள். மீட்பு நிரலைக்கூட அதே வட்டில் இறக்காதீர்கள்; அந்த நிரலே உங்கள் கோப்பின் அறையில் வந்து குடியேறலாம்.

இரண்டாவதாக, எளிய இடங்களைப் பாருங்கள். மறுசுழற்சித் தொட்டி, மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்பு, புலனத்தில் பகிர்ந்த படம், கைப்பேசி. மேகத்தில் வைத்திருந்தால் அங்கேயும் ஒரு தொட்டி உண்டு. கூகுள் டிரைவில் 30 நாள் இருக்கும். ஒன்டிரைவின் தனிநபர் கணக்கில் 30 நாள், பள்ளி அலுவலகக் கணக்கில் வழக்கமாக 93 நாள்.

மூன்றாவதாக, இவை எதிலும் இல்லாவிட்டால் மீட்பு நிரலைப் பயன்படுத்துங்கள். பெயரோடு மீட்க ரெக்குவாவைப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெக்கவரியும் உண்டு. அதில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். பெயரே இல்லாத நிலைக்கு ஃபோட்டோரெக். மீட்ட கோப்பை எப்போதும் வேறொரு வட்டில் சேமியுங்கள்.

நான்காவதாக, வட்டில் 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது கருவிக் கோளாறு. நிரல் ஓட்ட ஓட்ட மோசமாகும். இது தொழில்முறை ஆய்வகத்தின் வேலை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் முன்கூட்டியே படி எடுப்பது. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் விதி. நமக்கு இது கடினமில்லை. மடிக்கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, டெலிமா கணக்கு வழியாக மேகத்தில் ஒன்று. பணிமாற்றத்தாலோ பள்ளி மாறுவதாலோ அந்தக் கணக்கு கைவிட்டுப் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது படிகளைத் திறந்து பாருங்கள். பிக்சாரில் காப்பு நகல் இருந்தது. திறந்து பார்க்க யாரும் இல்லை.

முடிவுரை

என் பெண்டிரைவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு இரவு உட்கார்ந்தேன். 43 கோப்புகளில் 39 முழுதாக வந்தன. பள்ளிப் படங்கள் வந்தன, செக்ரோல் பக்கம் வந்தது. மூன்று கோப்புகள் வரவே இல்லை. பாட்டியின் பதிவு பாதி வந்தது. எம்பி3 கோப்பு சிறு சிறு சட்டங்களாகப் பதிவாவதால், ஒரு பகுதி போனாலும் மீதி ஒலிக்கும். விடியற்காலை பால்மரத்துக்குப் போனதையும், பிள்ளைக்கொட்டகையில் குழந்தையை விட்டதையும் பாட்டி சொல்கிறார். "அன்னிக்குப் பிரட்டுல என்ன நடந்துச்சுன்னா" என்று தொடங்குகிறார். அதற்கு மேல் சத்தம் இல்லை.

அந்த அறைகளில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நான் ஏற்றிய தேர்வுத் தாள் இருந்தது.

அன்று பேட்டி எடுத்த மாணவியிடம், "பாட்டி அப்புறம் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு ஓரளவு நினைவு இருந்தது. அவள் சொன்னதைத் தனித்தாளில், அவள் பெயரோடு எழுதி வைத்தோம். பாட்டியின் பேச்சை எழுத்தாக்கிய படியில் அந்த இடத்தில், 'இதற்கு மேல் ஒலி கிடைக்கவில்லை' என்று மட்டும் குறித்தோம். இப்போது அது மூன்று இடங்களில் இருக்கிறது.

உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு பெரியவர் பேசிய பதிவு யாரோ ஒருவரின் கைப்பேசியில் மட்டும் இருக்கலாம். இந்த வாரமே இன்னொரு படி எடுத்துவிடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. அழித்தல், மேலெழுதுதல் ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உவமை வழி விளக்குக.

2. 'மீட்பு எளிதாகவில்லை; கடினமாகிவிட்டது.' இக்கூற்றை 1981, 2009 ஆகிய ஆண்டுகளின் வளர்ச்சியைக் கொண்டு ஆராய்க.

3. சுவடிப் பதிப்புக்கும் கோப்பு மீட்புக்கும் உள்ள ஒற்றுமைகள் மூன்றனை எழுதுக.

4. பழைய எழுத்துருவில் உள்ள தமிழ்க் கோப்பு ஒன்றை மீட்டபின் நீங்கள் எடுக்கும் நடவடிக்கைகளைப் படிமுறையாக எழுதுக.

5. மீட்டெடுத்த ஆவணத்தில் விடுபட்ட பகுதியை நாமே நிரப்பலாமா? உம் கருத்தை 80 சொற்களில் எழுதுக.